ஷூமனின் ‘வைல்டு ஹார்ஸ்மேன்’: பியானோ பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பியானோ படிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் ஆன பிள்ளைகளுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் பீஸ் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘வைல்டு ஹார்ஸ்மேன்’. கொடுக்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

பீஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மொத்தம் 24 பார் (தாளில் செங்கோடுகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு பார்), ஏ மைனர் ஸ்கேல், 6/8 தாளம். எட்டெட்டு பாராக மூன்று பகுதிகள். முதல் பகுதியில் மெலடி வலது கையில் இருக்கும். நடுப் பகுதியில் அதே மெலடி எஃப் மேஜருக்கு மாறி இடது கைக்குப் போகும். கடைசியில் முதல் பகுதி திரும்ப வரும். புத்தகம் கையில் இருந்தால் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள்.

இதை யார் எழுதினது? நிஜமாவே குழந்தைங்களுக்காக எழுதினதா, இல்ல பெரிய பீஸை யாராவது சுருக்கி ஈஸியாக்கினதா?

குழந்தைகளுக்காகவே எழுதியதுதான். ஷூமன் (1810–1856) ஜெர்மனியைச் சேர்ந்தவர். 1848இல் டிரெஸ்டன் நகரில் குடும்பத்தோடு இருந்தபோது, மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பரிசாகச் சில சின்னப் பீஸ்களை எழுதினார். அதில் ஆர்வம் பிடித்து மேலும் மேலும் எழுத, அது ‘ஆல்பம் ஃபார் தி யங்’ என்று 43 பீஸ்கள் கொண்ட தொகுப்பாக வளர்ந்தது. ஓபஸ் எண், அதாவது அவருடைய படைப்புகளின் வரிசை எண், 68. முதல் 18 பீஸ் சின்னப் பிள்ளைகளுக்கு, மீதி கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு என்று அவரே பிரித்திருக்கிறார். நம்முடையது எட்டாவது.

எளிமையாக்கிய பதிப்புகளும் கடைகளில் கிடைக்கும். நடுப் பகுதியில் இடது கைக்கு மெலடி இல்லாத பதிப்பு என்றால் வாங்காதீர்கள். இந்தப் பீஸிலிருந்து கற்க வேண்டிய பாதி விஷயம் அந்த எட்டு பாரில்தான் இருக்கிறது. ஷூமன் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவர் எழுதிய இசைக்குக் காப்புரிமை இல்லை. பழைய பதிப்புகளை இணையத்தில் காசில்லாமலே எடுத்துக்கொள்ளலாம்.

என் பொண்ணு ஒரு வருஷமா கத்துக்கறா. இப்பவே எடுக்கலாமா?

வருடக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்ய வருகிறதா? ஏ மைனர், எஃப் மேஜர் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை) ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து இரண்டு கையிலும் வாசிக்க முடிகிறதா? ஸ்டக்காட்டோ, அதாவது நோட்டுகளைக் குட்டையாக வெட்டி வாசிக்கும்போது தோள் மேலே ஏறாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

மூன்றாவது மட்டும் சந்தேகம் என்றால், இதே தொகுப்பின் இரண்டாவது பீஸான ‘சோல்ஜர்ஸ் மார்ச்’சை முதலில் முடிக்கட்டும். குட்டையான கார்டுகளை இறுக்கமில்லாமல் வாசிக்க அதைவிட நல்ல பயிற்சி இந்த நிலையில் எனக்குத் தெரிந்து இல்லை.

குதிரைக்காரன்னா நிஜக் குதிரையா? எங்க பையன் பொம்மைக் குதிரைங்கறான்.

உங்கள் பையன் பக்கம்தான் நானும். ஜெர்மன் தலைப்புக்கு ‘முரட்டுக் குதிரைக்காரன்’ என்று பொருள். எந்தக் குதிரை என்று ஷூமன் சொல்லவில்லை. ஆனால் கோல்குதிரை (கோலின் நுனியில் குதிரைத் தலை வைத்த பொம்மை) ஏறிய சிறுவனைப் பற்றி அவர் ஏற்கெனவே ஒரு பீஸ் எழுதியவர். 1838இல் எழுதிய ‘கிண்டர்ஸீனன்’ தொகுப்பில் ஒன்பதாவதாக வரும் பீஸ், கோல்குதிரையில் வரும் வீரன். அந்தத் தொகுப்பு, பெரியவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்ப்பதற்காக எழுதியது. ஓபஸ் 68 குழந்தைகளே வாசிப்பதற்காக எழுதியது. இந்த வித்தியாசத்தை ஷூமனே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்.

வீட்டுக்குள் மரக்குதிரையில் ஓடும் பையன் மேசைக்காலிலும் நாற்காலியிலும் முட்டிக்கொள்கிறான், திடீர் திடீரென்று வரும் அழுத்தங்கள் அந்த மோதல்கள் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துவிடுகிறது. நிஜக் குதிரை என்று நினைக்கும் பிள்ளை கனமாக அடிக்கிறது. பொம்மைக் குதிரை என்று நினைக்கும் பிள்ளையின் கையில் தானாகவே துள்ளல் வருகிறது. அதனால்தான் முதல் வகுப்பிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

எங்க வீட்ல 61 கீ கீபோர்டுதான் இருக்கு. பியானோ வாங்கினாத்தான் முடியுமா?

இந்தப் பீஸுக்கு 61 கீ போதும். நோட்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், பெடலும் தேவையில்லை. ஆனால் மெதுவாகத் தொட்டால் சத்தம் குறைவாகவும் வேகமாகத் தொட்டால் அதிகமாகவும் வர வேண்டும். அந்த வசதி இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள், பல வீடுகளில் அது ஆஃபிலேயே கிடக்கிறது. அந்த வசதியே இல்லாத கீபோர்டில் நோட்டையும் தாளத்தையும் கற்கலாம், குதிரையைக் கற்க முடியாது. எல்லா நோட்டும் ஒரே சத்தத்தில் வந்தால் மோதல் எங்கே, ஓட்டம் எங்கே?

கீபோர்டில் பழகிய பிள்ளை மேடையில் நிஜப் பியானோவில் உட்காரப் போகிறது என்றால், அதற்கு முன் சில தடவையாவது பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். கீயின் கனம் வேறு. முதல் பாரிலேயே தெரிந்துவிடும்.

6/8ன்னா ஆறு எண்ணணுமா, ரெண்டு எண்ணணுமா?

நோட்டைக் கண்டுபிடிக்கும் முதல் சில நாள்கள் ஆறு எண்ணுங்கள். அப்புறம் இரண்டுக்கு மாறிவிட வேண்டும். ஒரு பாரில் இரண்டு தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று குவேவர் (6/8இல் ‘ஆறு’ என்று எண்ணும் குட்டி நோட்டு). நம் பிள்ளைகளுக்கு இது சுலபம். ‘தகிட தகிட’ என்று சொல்லி, ஒவ்வொரு ‘த’வுக்கும் தொடையில் தட்டச் சொல்லுங்கள். கர்நாடக சங்கீதமோ மிருதங்கமோ படிக்கும் பிள்ளை என்றால் விளக்கவே வேண்டாம்.

ஆறும் சமமாக எண்ணிக்கொண்டே இருந்தால் ஒரு பாரில் ஆறு அழுத்தம் விழும், குதிரை நொண்டும். நோட்டெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ கனமாகக் கேட்கிறது என்றால், பெரும்பாலும் பிள்ளை இன்னும் ஆறு எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நோட்டு மட்டும் பாருக்கு வெளியே தனியா நிக்குதே, அதுதான் ஒண்ணா?

இல்லை. அது முந்தைய தட்டின் கடைசி ‘ட’. அடுத்த நோட்டுதான் ஒன்று. கர்நாடக இசை தெரிந்த வீடு என்றால் அதீத எடுப்பு என்று சொன்னால் புரிந்துவிடும்: தாளத்துக்கு ஒரு நொடி முன்னால் பாட்டு கிளம்பிவிடுகிறது.

அந்த ஒற்றை நோட்டைப் பலமாக அடிக்கும் பிள்ளைகள் அதிகம். முதல் நோட்டு ஆயிற்றே என்ற ஆர்வம். அப்படி அடித்தால் கேட்பவருக்குத் தாளமே இடம் மாறிவிடும். வாசிக்கும் முன் மனதுக்குள் ‘தகிட தகி’ என்று சொல்லி, மிஞ்சிய ‘ட’வில் அந்த நோட்டை லேசாகத் தொட்டு, அடுத்த நோட்டில் இறங்க வேண்டும். இதை மட்டும் தனியாகப் பழகுவது வீண் இல்லை. மேடையில் இது எப்படி உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்டக்காட்டோ வாசிச்சா அவனுக்கு கை வலிக்குதாம். விடாம பழகினா சரியாயிடுமா?

ஆகாது. வலித்தால் அப்போதே நிறுத்த வேண்டும். வலி பயிற்சி குறைவால் வருவதில்லை, தேவையில்லாத வேலையால் வருகிறது. சூடான தோசைக்கல்லைத் தொட்டுக் கையை இழுப்பது போல வாசி என்று நிறைய வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தோசைக்கல்லிலிருந்து கை பதறிப்போய் மேலே போகும், முழங்கை வரை இறுகும். இந்தப் பீஸில் ஸ்டக்காட்டோ ஓயாமல் வருகிறது, அத்தனைக்கும் கையைத் தூக்கினால் யாருக்கும் வலிக்கும்.

விரல் நுனி கீயின் மேலேயே இருக்கட்டும். நுனி உள்ளங்கையை நோக்கி லேசாகச் சுண்டினால் போதும், கீ தானே மேலே வந்துவிடும். மணிக்கட்டு தளர்வாக, கீயின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை எவ்வளவு உயரம் போகிறது என்பதற்கும் நோட்டு எவ்வளவு குட்டையாகக் கேட்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று: முதல் வாரம் ஸ்டக்காட்டோவே வேண்டாம். மெலடியை லெகட்டோவாக (நோட்டுகளைச் சேர்த்து இழைத்து), மெதுவாக வாசிக்கட்டும். நோட்டுக்கு நோட்டு கை எங்கே நகர்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு குட்டையாக்கினால் இறுக்கம் வராது.

விரல் நம்பர் புக்குல போட்டிருக்கற மாதிரியேதான் வைக்கணுமா? யூடியூப்ல வேற மாதிரி வாசிக்கறாங்க.

ஒவ்வொரு பதிப்பிலும் விரல் எண் கொஞ்சம் மாறும். உங்கள் பிள்ளையின் கை அளவுக்கு எது பொருந்துகிறதோ அதை ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவு செய்து பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு மாற்றக் கூடாது. வேகமான பீஸில் விரல்தான் நினைவு வைத்துக்கொள்கிறது. திங்கள்கிழமை ஒரு விரல், வியாழக்கிழமை ஒரு விரல் என்றால் அது எதையும் நினைவில் வைக்காது.

மெலடியின் பெரும்பகுதி கார்டைப் பிரித்து வாசிப்பதுதான். அதனால் பிரிந்திருக்கும் நோட்டுகளை முதலில் ஒன்றாகச் சேர்த்து, கார்டாக அழுத்திப் பாருங்கள். அப்போது எந்த விரல்கள் வசதியாக உட்காருகின்றனவோ, பெரும்பாலும் அவைதான் சரியான விரல்கள்.

மைனர்னா சோகம்னு டீச்சர் சொன்னாங்க. இது சோகமாவே இல்லையே?

மைனர் என்றாலே சோகம் என்பது ஆரம்பத்தில் அடையாளம் காணச் சொல்லித் தரும் குறுக்குவழி. வேகமும் தாளமும் சேர்ந்தால் மைனர் குறும்பாகவும் ஆகும், முரட்டுத்தனமாகவும் ஆகும். ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் இரண்டு பாரில் சி வரும் இடத்திலெல்லாம் சி ஷார்ப் (சிக்கு வலப்பக்கக் கறுப்பு கீ) வைத்து வாசியுங்கள். அதே தாளம், அதே வேகம். ஆனால் முரட்டுப் பையன் காணாமல் போய், சமர்த்துப் பிள்ளை ஒன்று குதிரையில் வரும். திரும்ப சி வைத்து வாசித்தால் இவன் யார் என்று பிள்ளைக்கே விளங்கிவிடும்.

நடுப் பகுதி எஃப் மேஜருக்குப் போகும்போது இந்த நிற மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கூடுகிறது. கடைசியில் ஏ மைனர் திரும்புவது அதனால்தான் அவ்வளவு உறைக்கிறது.

எஸ்எஃப்னு அங்கங்க போட்டிருக்கு. எவ்வளவு பலமா அடிக்கணும்?

எஸ்எஃப் என்பது ஸ்ஃபோர்ஸாண்டோ. அந்த ஒரு நோட்டுக்கு அல்லது கார்டுக்கு மட்டும் திடீர் அழுத்தம். நாற்காலியில் முட்டிக்கொள்ளும் இடம்.

பலம் கூட்டுவதைவிடச் சுற்றியிருக்கும் நோட்டுகளின் பலத்தைக் குறைப்பதுதான் இதில் வேலை. எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கு எஸ்எஃப் வரும்போது கையில் மிச்சம் எதுவும் இருக்காது. கீயைக் குத்தும், சத்தம் கரகரக்கும், மணிக்கட்டு இறுகும். மற்ற நோட்டுகளை நடுத்தரச் சத்தத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், சாதாரணமாக வாசித்தாலே எஸ்எஃப் எடுத்துக் கேட்கும்.

அழுத்தம் முடிந்த உடனே அடுத்த நோட்டு திரும்ப லேசாக வர வேண்டும். இதுதான் கஷ்டம். அழுத்திய கை அழுத்திக்கொண்டே போகும். அதனால் எஸ்எஃப் நோட்டையும் அதற்கு அடுத்த இரண்டு நோட்டையும் மட்டும் தனியாக எடுத்து, பலம்–லேசு–லேசு என்று பழகச் சொல்லுங்கள்.

முதல் பகுதி சூப்பரா வாசிக்கறா. நடுவுல இடது கைக்கு மெலடி வந்ததும் தடுமாறறா. ஏன்?

எல்லாரும் தடுமாறும் இடம் இது. கூச்சப்பட ஒன்றுமில்லை. வலது கையில் மேலே ஏறும் வரிசை கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் போகும். இடது கையில் அதே ஏற்றம் சுண்டுவிரல் பக்கத்தில் தொடங்கிக் கட்டைவிரலுக்கு வரும். ஆக, குதிரை கிளம்பும் இடத்தில் கையின் பலவீனமான விரல்கள் நிற்கின்றன. போதாததற்கு, மெலடி வாசித்தே பழக்கமில்லாத கை அது.

எனவே வரிசையை மாற்றுங்கள். பீஸை நடுப் பகுதியில் ஆரம்பியுங்கள். முதல் நாளே 9ஆவது பாரிலிருந்து, இடது கை மட்டும். முதல் பகுதி இனிக்கிறது என்று அதையே வாசித்துக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். இடது கை தனியாக ஓட ஆரம்பித்ததும், வலது கையால் கார்டுகளை வாசிக்காமல் அவற்றின் தாளத்தை மட்டும் மூடியில் தட்டச் சொல்லுங்கள். அது நிலைத்த பிறகு கார்டுகளைச் சேர்க்கலாம். சுண்டுவிரல் நோட்டு காணாமல் போனால் கை அந்தப் பக்கம் சாயட்டும், விரலை மட்டும் நீட்ட வேண்டாம்.

இடது கை மெலடி கேட்கவே மாட்டேங்குது, வலது கை கார்டுதான் கேக்குது.

எஸ்எஃப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும்: ஒன்றைக் கூட்டுவதைவிட மற்றதைக் குறையுங்கள். வலது கையின் கார்டுகளைச் சத்தமே வராமல் கீயின் மேற்பரப்பைத் தொட்டு மட்டும் வாசித்து, இடது கையை நிஜமாக வாசிக்கச் சொல்லுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இரண்டு கையும் இரண்டு வேறு கனம் என்பது உடம்புக்குப் புரியும். பிறகு கார்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் சேர்க்கலாம். மெலடியை மூழ்கடிக்கும் அளவுக்கு வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

போனில் பதிவு செய்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்பது நல்லது. வாசிப்பவரின் காதுக்கும் அறையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

எவ்வளவு வேகம் வாசிக்கணும்? என் பையன் ஃப்ரெண்டு இதைவிட வேகமா வாசிக்கறான்.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) கணக்கில், டாட்டட் கிராச்செட் 50இல், அதாவது நிமிடத்துக்கு 50 ‘தகிட’ என்று தொடங்குங்கள். 96 தொட்டால் குதிரை ஓட ஆரம்பித்துவிடும். 108 என்றால் நல்ல பாய்ச்சல். ஆரம்ப நிலைப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இதில் நான் பிடிவாதக்காரி. இந்தப் பீஸின் முரட்டுத்தனம் வேகத்தில் இல்லை. குட்டையான நோட்டு, சரியான இடத்தில் விழும் அழுத்தம், ஆடாத தாளம், இந்த மூன்றும் சேர்ந்தால் 84இல்கூடக் குதிரை துள்ளும். மூன்றில் ஒன்று விட்டுப்போனால் 130இல் வாசித்தாலும் தட்டச்சுச் சத்தம்தான் கேட்கும். தன் தொகுப்போடு சேர்த்து வெளியிட்ட இளம் இசைஞர்களுக்கான அறிவுரைகளில் ஷூமன் இதைத்தான் சொல்கிறார்: தாளத்தோடு வாசி, சில வித்துவான்களின் வாசிப்பு குடிகாரன் நடை மாதிரி இருக்கிறது. இழுப்பதும் ஓடுவதும் ஒரே அளவு பெரிய குற்றம் என்றும் எழுதியிருக்கிறார். எளிய பீஸை அழகாக வாசிப்பது கடினமான பீஸைச் சுமாராக வாசிப்பதைவிட மேல் என்பதும் அவர் சொன்னதுதான். நண்பனோடு போட்டி போடும் பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

மெட்ரோனோம் வச்சா தப்பு வருது, எடுத்துட்டா நல்லா வாசிக்கறா. அப்ப எதுக்கு?

எடுத்துவிட்டால் தப்பு வரும் இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள், உங்களுக்குத் தெரியவில்லை. மெட்ரோனோம் தப்பை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது. எந்த பாரில் தடுக்கிறது என்று குறித்து, அந்த பாரையும் அடுத்த பாரின் முதல் நோட்டையும் மட்டும் பழகட்டும். பெரும்பாலும் தடுக்கல் பாருக்குள் இருக்காது, ஒரு பாரிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் இருக்கும்.

அதே சமயம் முழு நேரமும் மெட்ரோனோமோடு வாசிக்க வேண்டாம். ஒரு தடவை அதோடு, ஒரு தடவை அது இல்லாமல் ‘தகிட’ சொல்லிக்கொண்டு. தாளம் உள்ளுக்குள் இறங்க வேண்டும் அல்லவா?

யூடியூப்ல கலர் கட்டை விழற வீடியோ பார்த்தே முழுசா கத்துக்கிட்டான். நோட்ஸ் படிக்கலைனா என்ன போச்சு?

அந்த வீடியோக்கள் எந்த கீ, எப்போது என்று மட்டும் சொல்லும். இந்தப் பீஸில் அது பாதிக்கும் குறைவு. எங்கே குட்டையாக, எங்கே சேர்த்து, எங்கே முட்டி, எங்கே லேசாக என்பதெல்லாம் தாளில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டால் ஷூமன் எழுதியதில் என்ன மிச்சம்? கற்றுக்கொண்டதை அழிக்க வேண்டாம். இப்போது தாளை முன்னால் வைத்து, ஒவ்வொரு ஸ்டக்காட்டோ புள்ளியையும் எஸ்எஃப்பையும் கலர் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு தாளைப் பார்த்தே வாசிக்கட்டும். வேகம் கொஞ்ச நாள் குறையும், குறையட்டும்.

பெடல் போடலாமா?

வேண்டாம். ஸ்டக்காட்டோ முழுக்கக் கரைந்துவிடும்.

மனப்பாடமா வாசிக்கும்போது கடைசிப் பகுதி முடியறதுக்குப் பதிலா திரும்ப நடுப் பகுதிக்குப் போயிடறா. சுத்திக்கிட்டே இருக்கா!

முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஒன்றே என்பதால் விரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதில்லை. தெரிய வேண்டியது மனதுக்கு. இரண்டுக்கும் வேறு வேறு கதை கொடுங்கள். முதலில் பையன் கூடத்தில் ஓடுகிறான், நடுவில் தோட்டத்துக்குப் போகிறான், கடைசியில் உள்ளே திரும்பி வருகிறான், அம்மா நிறுத்தச் சொல்கிறாள். கதையை நான் சொல்வதைவிடப் பிள்ளையே உருவாக்கினால் நன்றாக நிற்கும்.

பழகும்போது முதலிலிருந்தே தொடங்கும் பழக்கத்தையும் விடுங்கள். 1, 9, 17 ஆகிய மூன்று பாரில் எதைச் சொன்னாலும் சட்டென்று அங்கிருந்து தொடங்கத் தெரிய வேண்டும். திரும்ப வாசிக்கச் சொல்லும் ரிப்பீட் குறிகளை விட்டு வாசித்தால் பீஸ் அரை நிமிடம்தான். அதில் மூன்று கதவுகள் இருந்தால் போதும், எங்கே தொலைந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

எக்ஸாம்ல ரிப்பீட் வாசிக்கணுமா? மனப்பாடம் கட்டாயமா?

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பு) தேர்வுகளில் பாடத்திட்டம் தனியாகச் சொன்னால் தவிர, நீளமான ரிப்பீட்களை விட்டுவிட்டு வாசிப்பதுதான் பொது விதி. மனப்பாடமும் கட்டாயமில்லை. மற்ற தேர்வுகளுக்கு அந்தந்த வருடத்துப் பாடத்திட்டத்தில் அந்தப் பீஸுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. ஆண்டு விழா மேடையில் என்றால் ரிப்பீட்டோடு வாசிக்கலாம். கேட்பவர்களுக்கு முதல் தடவை பிடிபடும் முன்பே பீஸ் முடிந்துவிடும்.

மேடையில நடுவுல தப்பு வந்துட்டா என்ன பண்ணணும்? இவ முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடறா.

குதிரை நிற்கக் கூடாது. ஒரு நோட்டு தவறினால் அது ஒரு நோட்டோடு போகும், நின்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘நிற்காதே’ என்று சொன்னால் மட்டும் வராது, அதையும் பழக வேண்டும். வாரத்தில் சில நாள் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, என்ன நடந்தாலும் நிறுத்தாமல் முடிப்பது என்று வாசிக்கட்டும். நடுவில் நீங்கள் இருமுங்கள், கதவைச் சாத்துங்கள். முழுக்கத் தொலைந்துபோனால் மேலே சொன்ன மூன்று கதவுகளில் அடுத்து வருவதற்குத் தாவ வேண்டும், பின்னால் இருப்பதற்கு இல்லை.

வீட்டில் தப்பு வந்ததும் உடனே நிறுத்தித் திருத்துவதையே வழக்கமாக வைத்திருந்தால், மேடையிலும் கை தானாக நிற்கும். திருத்துவதற்கு ஒரு நேரம், நிற்காமல் ஓட்டுவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துவிடுங்கள்.

மேடையில உட்கார்ந்ததும் பதட்டத்துல ரெண்டு மடங்கு வேகமா ஆரம்பிச்சுடறான். அப்புறம் நடுப் பகுதியில சிக்கிக்கறான்.

வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல். பிள்ளைகள் முதல் பகுதியை நினைத்துத் தொடங்குகிறார்கள், அது எந்த வேகத்திலும் வரும். நடுப் பகுதியை நினைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் கை மடியில் இருக்கட்டும். 9ஆவது பாரின் இடது கை மெலடியை மனதுக்குள் பாடட்டும். அது வசதியாக ஓடும் வேகம் எதுவோ அதுதான் இன்றைய வேகம். அதே வேகத்தில் ‘தகிட தகி’ என்று எண்ணி, முன்னால் சொன்னபடி அந்த ஒற்றை நோட்டில் கிளம்பலாம். இதற்குச் சில நொடிகள்தான் ஆகும். அவையில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

ஷூமனின் அறிவுரைகளில் இரண்டு அடுத்தடுத்து எனக்குப் பிடித்தவை: யார் கேட்கிறார்கள் என்று கவலைப்படாதே. எப்போதும் ஒரு மேதை கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து வாசி. முதலாவது மேடைக்கு, இரண்டாவது வீட்டுக்கு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

வாசிக்கும்போது ஆடிக்கிட்டே, குதிரை ஓட்டற மாதிரி வாசிச்சா நல்லா இருக்குமா? கௌபாய் தொப்பி வாங்கி வச்சிருக்கோம்!

தொப்பி போடட்டும், கண்ணை மறைக்காமல் இருந்தால் சரி. ஆடுவது வேண்டாம். உடம்பு துள்ளினால் கை தன் இடத்தை இழக்கும், துள்ளல் ஒலியில் குறைந்துபோகும். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: கடைசிக் கார்டு முடிந்ததும் கை கீயை விட்டு எழுந்து ஒரு கணம் நிற்கட்டும், பிறகு மடிக்கு வரட்டும். பல பிள்ளைகள் கடைசி நோட்டு அடிக்கும்போதே எழுந்துவிடுகிறார்கள்.

எனக்கு 45 வயசு. இது குழந்தைங்க பீஸ்தானே, நான் வாசிச்சா சரியா இருக்குமா?

தாராளமாக. பெரிய பியானோ கலைஞர்களும் இந்தத் தொகுப்பை முழுமையாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தாளமும் கதையும் உடனே புரியும், மணிக்கட்டு தளரத்தான் நாளாகும். ஸ்டக்காட்டோ கேள்விக்குச் சொன்ன பதிலை இரண்டு தடவை படியுங்கள். ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் இதைப் பழகாதீர்கள். பத்து நிமிடம் இது, பிறகு மெதுவான வேறொன்று, அப்புறம் திரும்ப இது.

முடிச்சாச்சு. இதே மாதிரி விளையாட்டா அடுத்து என்ன எடுக்கலாம்?

இடது கை இன்னும் தயங்குகிறது என்றால், இதே தொகுப்பின் பத்தாவது பீஸ் ‘ஹேப்பி ஃபார்மர்’. வேலை முடிந்து வீடு திரும்பும் உழவர். அதுவும் எஃப் மேஜர்தான், மெலடி தொடக்கத்திலிருந்தே இடது கையில் வருகிறது. நடுப் பகுதியில் பட்ட பாடு வீண்போகாது.

குதிரைதான் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியிடம் போகலாம். அவர் 1878இல் குழந்தைகளுக்காக 24 பீஸ் எழுதி, ஷூமன் பாணியில் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். ஓபஸ் 39. அதிலும் ஒரு குதிரை விளையாட்டு இருக்கிறது, குட்டிக் கார்டுகளின் ஓட்டம். ஆனால் அது நிச்சயமாகக் கடினம். நடுவில் வேறு சில பீஸ்களை வாசித்துவிட்டு எடுங்கள். அதுவரை இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான கபலெவ்ஸ்கியின் ‘கிளவுன்ஸ்’ நல்ல துணை. முன்னால் சி, சி ஷார்ப் மாற்றிப் பார்த்தோமே, அந்த விளையாட்டையே அவர் ஒரு கோமாளிப் பீஸாக எழுதி வைத்திருக்கிறார்.